கை கழுவாமல் ஒரு மட்டிப்பழம்: நாகர்கோவில் மனநல கிளினிக் அனுபவம்

கிளினிக் வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில் இருக்கிறது. எனக்கு ஓ.சி.டி., அதாவது வேண்டாத பயம் விடாமல் வந்து, அதற்காகத் திரும்பத் திரும்பக் கை கழுவ வைக்கும் மனநோய். அதற்கு இ.ஆர்.பி. என்ற சிகிச்சை கொடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நோய் எவ்வளவு கடுமை என்று பார்க்க, முதலில் 10 கேள்வி கேட்டு 40-க்கு மார்க் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு வாங்கியதில்லை!

சிகிச்சை இதுதான்: பயப்படுவதைத் தொட வேண்டும், கழுவக் கூடாது. மார்த்தாண்டம் பஸ் கம்பியைப் பிடித்த கையோடு மட்டிப்பழம் உரித்துத் தின்னச் சொன்னார் தெரபிஸ்ட் அக்கா. விரல்நுனி பழத்தில் பட்டதும் குமட்டியது. "பதறாதீங்க, பயம் தானா இறங்கும்" என்றார். இறங்கியது, ரொம்ப மெதுவாக. "ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று கேட்டால் மட்டும் பதிலே கிடையாது. அந்த ஆறுதலும் கை கழுவுவது மாதிரிதானாம், நோய்க்குத் தீனி. எரிச்சலாகத்தான் இருந்தது.

மாத்திரை தனியாக டாக்டர் எழுதுகிறார். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறார்.

குறை: டோக்கன் கிடையாது, கட்டணத்தை போனில் சொல்ல மாட்டார்கள். சனிக்கிழமை உட்கார இடம் இருக்காது.

போனால் வீட்டு ஆளையும் கூட்டிப் போங்கள். "சுத்தமா இருக்கு மக்களே" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த என் அம்மாவுக்கும் அங்கே வீட்டுப்பாடம் கொடுத்தார்கள்.