ரெசொலூட் பே – கிறீஸ் ஃபியோர்ட்: தூரம் காட்டும் இணையத்தளங்களை நம்பிப் பயணம் போடலாமா?

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் இடையிலுள்ள தூரம், பறக்கும் நேரம், நிலையத்தின் விவரம் எல்லாம் காட்டும் தளங்கள் ஏராளம். ரொறன்ரோ – வன்கூவர் மாதிரி வழித்தடம் என்றால் எதைப் பார்த்தாலும் ஒன்றுதான். நான் கனடாவின் வட கோடி ஊர்களுக்கு ஜெனரேற்றர் திருத்துகிறவர்களையும் அவர்களுடைய சாமான்களையும் அனுப்பி வைக்கிற வேலையில் இருக்கிறேன். எனக்கு அந்தத் தளங்கள் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று பார்க்க நுனாவுட்டின் இரண்டு சிறு நிலையங்களை எடுத்துக்கொண்டேன். கோர்ன்வாலிஸ் தீவிலுள்ள ரெசொலூட் பே ஒன்று, எல்ஸ்மியர் தீவின் தென்கரையிலுள்ள கிறீஸ் ஃபியோர்ட் மற்றது. 2021 குடிசனக் கணக்கில் முதல் ஊரில் 183 பேர், அடுத்ததில் 144 பேர். நுனாவுட்டில் ஊருக்கு ஊர் தெருவே கிடையாது. வானம், அல்லது கோடையில் கப்பல்.

தூரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூமியை முழு உருண்டையாக எடுக்கும் தளங்களில் 383 கிலோமீற்றர் அளவில் வருகிறது. துருவப் பக்கம் சற்றுத் தட்டையானது என்று சரியாகக் கணக்கிடுபவற்றில் 385 அளவில். ஆனால் கூடவே போடுகிற வரைபடம் ஆளை ஏமாற்றும். பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் வழக்கமான மெர்கேற்றர் படத்தில் இவ்வளவு வடக்கே எல்லாமே பூமத்திய ரேகைப் பகுதியைவிட நான்கு மடங்கு நீண்டு தெரியும். ஏதோ ஒரு கண்டத்தைக் கடக்கிற மாதிரிக் கோடு ஓடும். இங்கே ஒரு பாகை தீர்க்கரேகை என்பது வெறும் 28 கிலோமீற்றர்தான்.

பறக்கும் நேரம்தான் மோசம். நான் பார்த்த சில தளங்கள் அரை மணித்தியாலம் என்று கூசாமல் போட்டிருந்தன. மணிக்கு 800 கிலோமீற்றர் என்ற ஜெற் வேகத்தால் தூரத்தைப் பிரித்தால் அப்படித்தான் வரும். கிறீஸ் ஃபியோர்ட்டுக்குப் போவது ட்வின் ஒட்டர் என்ற சிறு விமானம். இரண்டு உந்துவிசிறிகள், கூடினால் 19 இருக்கைகள், வேகம் மணிக்கு 270 – 300 கிலோமீற்றர். காற்று எதிர்த்து அடிக்காவிட்டாலும் ஒன்றரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் ட்வின் ஒட்டர்? இந்தக் கேள்விக்கான பதில்தான் எனக்கு மிக முக்கியம், இந்தத் தளங்களில் பெரும்பாலும் இல்லாததும் அதுதான். இரண்டு இடத்திலும் ஓடுபாதை கிரவல், தார் இல்லை. உறைந்த நிலம் கோடையில் மேலால் இளகி அசையும்போது தார் வெடித்துப்போகும், கிரவலை வாரி நிரவிவிடலாம். ரெசொலூட்டின் பாதை சுமார் 6,500 அடி. கல் தெறித்து எஞ்சினுக்குள் போகாமலிருக்க முன்சக்கரத்தில் தடுப்புத் தட்டுப் பூட்டிய போயிங் 737-200 விமானங்கள் அதில் இறங்கியிருக்கின்றன. கிறீஸ் ஃபியோர்ட்டின் பாதையோ 2,000 அடியைக்கூடத் தொடாது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். குறுகிய இடத்தில் ஏறி இறங்கவென்றே வடிவமைத்த விமானம்தான் அங்கே சரிவரும். வரைபடத்தில் இரண்டும் ஒரே அளவு புள்ளி, ஆனால் ஒன்றில் இறக்கிய சாமானை மற்றதுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. பெரிய எஞ்சின் பாகம் என்றால் கோடைக் கப்பலான சீலிஃப்ட்டில் ஏற்றிவிட்டு, ஆளைப் பிறகு அனுப்ப வேண்டும். “ஓடுபாதை நீளம், தரை வகை” என்று இரண்டே வரிகள் போட்டிருந்தால் இந்த முடிவைப் பார்த்தவுடனேயே எடுக்கலாம். அதை விட்டுவிட்டு காபன் வெளியேற்றத்தை தசமப் புள்ளியோடு போடுகிறார்கள். எந்த விமானம் என்றே தெரியாமல் போட்ட கணக்கு யாருக்கு?

திசை விஷயத்தையும் சொல்லவேண்டும். ரெசொலூட்டிலிருந்து கிளம்பும்போது திசை மெய்வடக்கிலிருந்து (அதாவது புவியின் வடதுருவம் இருக்கும் திசையிலிருந்து) 55 பாகை அளவில், போய்ச் சேரும்போது 66 அளவில். 385 கிலோமீற்றருக்குள் இத்தனை மாற்றம், ஏனென்றால் தீர்க்கரேகைகள் இங்கே நெருங்கிக்கொண்டே போகின்றன. பூமியின் காந்தப்புலம் இங்கே கிட்டத்தட்ட நேர் கீழாக இழுப்பதால் திசைகாட்டியும் கைகொடுக்காது. அதனால்தான் கனடாவின் வட வான்வெளியில் எல்லாத் திசையும் மெய்வடக்கை வைத்தே சொல்லப்படுகிறது. பயணிக்கு இது தேவையில்லாமல் இருக்கலாம், ஆனால் “விமான நிலையத் தகவல்” என்று தலைப்பு வைத்தால் இது இருக்கவேண்டாமா?

நேரவலயம்: ரெசொலூட் மத்திய நேரம், கிறீஸ் ஃபியோர்ட் கிழக்கு நேரம். கிழக்கே போகும்போது கடிகாரத்தில் ஒரு மணித்தியாலம் கூடும்.

சரி, எதைப் பாவிப்பது? தூரத்துக்கும் கோட்டுக்கும் கிறேற் சேர்க்கிள் மப்பர் தளத்தை மனதாரச் சொல்வேன். ஒய்ஆர்பி (ரெசொலூட்), ஒய்ஜிசெட் (கிறீஸ் ஃபியோர்ட்) என்ற நிலையக் குறியீடுகளை இடையில் ஒரு சிறு கோடு போட்டுத் தட்டினால் போதும். அலங்காரம் எதுவும் இல்லாத பக்கம், படமும் பூமியை உருண்டையாகவே காட்டும். இலவசம்.

மற்ற எல்லாவற்றுக்கும் கனடாவின் வான் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் நாவ் கனடா நிறுவனம் வெளியிடும் கனடா ஃப்ளைற் சப்ளிமென்ட். விமானிகளுக்கான புத்தகம்தான், எழுத்து பொடி, சுருக்கக் குறிகள் நிறைய, முதலில் தலை சுற்றும். பழகிவிட்டால் ஒரு நிலையத்துக்கான சிறு பகுதிக்குள் ஓடுபாதை, தரை, விளக்கு, எரிபொருள், எச்சரிக்கைகள் என்று எல்லாம் இருக்கும். மலையோர நிலையங்களுக்கு அந்த எச்சரிக்கை வரிகளைத்தான் நான் முதலில் வாசிப்பேன். காசு கொடுத்து வாங்க வேண்டும். 56 நாளுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும், அதனால் மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய பதிப்பை வாங்கிவிடாதீர்கள்.