லாயரா, கன்சல்டன்டா? கனடா குடிவரவு வழக்கை யாரிடம் கொடுப்பது

கனடா குடிவரவு வழக்கு என்றதும் பலர் முதலில் விசாரிப்பது "எவ்வளவு வாங்குவார்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அடுத்து எங்கே போகும்? அங்கே நமக்காகப் பேச இவருக்கு உரிமை இருக்கிறதா? லாயரா, கன்சல்டன்டா என்ற வாக்குவாதத்தில் பாதி இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் சட்டம். குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 91ஆவது பிரிவுப்படி, காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லவும் நம் சார்பில் செயல்படவும் சிலருக்குத்தான் அனுமதி. மாகாண சட்டச் சங்க உறுப்பினர்களான வழக்கறிஞர்கள் (ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற பாராலீகல்களும், அதாவது லாயர் அல்லாமல் சில வகைச் சட்ட வேலைகளை மட்டும் செய்ய உரிமம் உள்ளவர்களும், இந்தக் கணக்கில் வருவார்கள்), கியூபெக் நோட்டரிகள், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள், அவ்வளவுதான். ஆலோசகர்களை 2021 நவம்பரிலிருந்து தனிக் 'காலேஜ்' ஒன்று கண்காணிக்கிறது (படிக்கும் கல்லூரி இல்லை, உரிமம் கொடுக்கும் ஒழுங்குமுறை அமைப்பு). அண்ணனோ தோழியோ காசு வாங்காமல் படிவம் நிரப்பிக் கொடுத்தால் குற்றமில்லை. காசு கைமாறினால்தான் சட்டம் உள்ளே வரும்.

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். எக்ஸ்பிரஸ் என்ட்ரி (திறமையுள்ள பணியாளர்கள் நிரந்தர வதிவிடம் கேட்கும் வழி), வேலை அனுமதி நீட்டிப்பு, பி.ஆர். (நிரந்தர வதிவிட) அட்டை புதுப்பிப்பு போன்றவை பெரும்பாலும் காகித வேலைகள். இவற்றுக்கு நல்ல ஆலோசகர் தாராளமாகப் போதும். நாள் முழுக்க இதே படிவங்களோடு புழங்குகிறவர் அவர். பெரிய லாயர் அலுவலகத்தில் கொடுத்தாலும், அதே படிவத்தைப் பல நேரம் உதவியாளர்தான் நிரப்புவார், லாயர் கடைசியில் ஒரு முறை பார்ப்பார். (லாயர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சரி, சுளிக்கட்டும்.) கட்டணமும் பொதுவாக ஆலோசகரிடம் குறைவு. பழைய நிராகரிப்பு, போலீஸ் வழக்கு, வேலை அனுபவத்தில் இடைவெளி என்று எந்தச் சிக்கலும் இல்லாதவர் லாயருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

ஆனால் ஆலோசகர்கள் எல்லாரும் ஒரே உரிமம் வைத்திருப்பவர்கள் அல்ல. அகதிக் கோரிக்கைகளையும் சில குடிவரவு மேல்முறையீடுகளையும் விசாரிக்கும் குடிவரவு மற்றும் அகதிகள் சபையின் முன் ஆஜராக அவர்களுக்குத் தனி வகை உரிமம் வேண்டும். அது இல்லாதவர் உங்கள் விண்ணப்பத்தை அனுப்பலாம், விசாரணையில் பக்கத்தில் உட்கார முடியாது. ஒன்ராறியோ பாராலீகல் இதற்கு நேர்மாறு: அவருடைய களமே சபையின் விசாரணைகள்தான், அதற்கு வெளியே எக்ஸ்பிரஸ் என்ட்ரி போன்றவற்றுக்கு அவரைத் தேடிப் போவதில் அர்த்தமில்லை. ஃபெடரல் நீதிமன்றம் என்று வந்துவிட்டால் இருவருமே வெளியே நிற்க வேண்டியதுதான், அங்கே லாயர் மட்டும்.

படிப்பு அனுமதியோ விசிட் விசாவோ மறுக்கப்பட்டால் சபையில் மேல்முறையீடு கிடையாது. மறுபடி விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் ஃபெடரல் நீதிமன்றத்தில் நீதித்துறை மீளாய்வு கேட்கலாம். முடிவு கனடாவுக்குள் எடுக்கப்பட்டது என்றால் அதற்கு 15 நாள், வெளிநாட்டில் என்றால் 60 நாள் அவகாசம். அந்த நீதிமன்றம் விண்ணப்பத்தைப் புதிதாக எடைபோடாது. அதிகாரியின் முன் அன்றைக்கு இருந்த காகிதங்களை வைத்து, அவர் எடுத்த முடிவு நியாயமானதா என்று மட்டும் பார்க்கும். வங்கிக் கணக்கு விவரத்தை அன்று இணைக்க மறந்திருந்தால், இன்று எவ்வளவு பெரிய லாயரைப் பிடித்தாலும் அதை உள்ளே நுழைப்பது மிகக் கடினம். வென்றால்கூட விசா கையில் வராது, கோப்பு வேறொரு அதிகாரியிடம் போகும், அவ்வளவே. அதனால் ஏற்கெனவே ஒரு நிராகரிப்பு இருந்தாலோ, பொய்த் தகவல் கொடுத்ததாக அதிகாரி சந்தேகித்துக் கடிதம் போட்டிருந்தாலோ, குற்றப் பதிவு இருந்தாலோ, தொடக்கத்திலேயே லாயரிடம் போய்விடுவது நல்லது. விசாரணைக்கு மட்டும் லாயர், விண்ணப்பத்துக்கு மலிவாக இன்னொருவர் என்று பிரித்துக்கொண்டால், மலிவாகச் செய்த வேலையை விலை கூடியவர் தூக்கிச் சுமக்க நேரும்.

கல்யாண ஸ்பான்சர் வழக்குகளில் இந்தப் பிரிவினை இன்னும் நுணுக்கமானது. மனைவி வெளிநாட்டில் இருக்கிறார், குடும்ப வகுப்பில் விண்ணப்பித்தீர்கள், "இது உண்மையான திருமணம் இல்லை" என்று மறுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். 30 நாளுக்குள் சபையின் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புது ஆதாரம் கொடுக்கலாம்: தொலைபேசிப் பதிவுகள், பணம் அனுப்பிய ரசீதுகள், இரு வீட்டாரின் சாட்சியம், மறுப்புக்குப் பிறகு போய் வந்த பயணச்சீட்டுகூட. இதை அந்தத் தனி உரிமமுள்ள ஆலோசகரும் நடத்தலாம், பாராலீகலும் நடத்தலாம். அதே மனைவி கனடாவுக்குள் இருந்து, உள்நாட்டு வகுப்பில் விண்ணப்பித்திருந்தால் அந்த மேல்முறையீடே இல்லை, நேராக ஃபெடரல் நீதிமன்றம்தான். தம்பதி அதே தம்பதி, ஆல்பம் அதே ஆல்பம், வழி மட்டும் வேறு. எந்த வகுப்பில் போடுவது என்று முடிவெடுக்கும் முன்பே இந்த வித்தியாசத்தை நீங்கள் பார்க்கப் போன லாயரோ ஆலோசகரோ தானாக எடுத்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். முதல் சந்திப்பில் நான் வைக்கும் சோதனை இது ஒன்றுதான். "நூறு சதவீதம் கிடைக்கும்" என்று சொல்பவர் லாயரானாலும் கன்சல்டன்டானாலும், எழுந்து வந்துவிடலாம்.

அகதிக் கோரிக்கையில் பணமும் மொழியும் சேர்ந்துகொள்ளும். ஒன்ராறியோவில் வருமானம் குறைவானவர்களுக்கு லீகல் எய்ட் ஒன்ராறியோ என்ற சட்ட உதவி அமைப்பு, லாயர் கட்டணத்தைத் தானே ஏற்பதாகச் சான்றிதழ் கொடுத்தால், அதை ஏற்கும் லாயரை நாமே தேர்ந்தெடுக்கலாம். இலவசம் என்றால் தரம் மட்டம் என்று நம்மிடையே ஒரு நினைப்பு உண்டு. அகதி வழக்குகளில் அந்த நினைப்பு பொருந்தாது, வருடக்கணக்காக இதையே செய்கிற லாயர்கள் பலர் இந்தச் சான்றிதழ் வேலையை எடுக்கிறார்கள். தமிழ் பேசும் பிரதிநிதியா, தமிழ் தெரியாத அனுபவசாலியா என்றால், நான் அனுபவத்தின் பக்கம்தான் நிற்பேன், ஒரு நிபந்தனையோடு. நடந்ததை விவரிக்கும் படிவம் ஆங்கிலத்தில் எழுதப்படும். கையெழுத்துப் போடும் முன் அதை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "ஆர்மி வந்தது மார்ச்சில்" என்று நீங்கள் சொன்னது காகிதத்தில் மே என்று விழுந்திருக்கும். அப்புறம் விசாரணையில் நீங்கள் மார்ச் என்று சொன்னால், அது எழுத்துப் பிழையாகப் பார்க்கப்படாது, உங்கள் நம்பகத்தன்மையின் ஓட்டையாகத்தான் பார்க்கப்படும். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்காத அலுவலகம் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் வேண்டாம்.

ரகசியம் காப்பதிலும் ஒரு வேறுபாடு. ஆலோசகரும் நடத்தை விதிப்படி ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்தான். ஆனால் லாயரிடம் சட்ட ஆலோசனைக்காகச் சொன்னதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு அதைவிட வலுவானது. சாதாரண விண்ணப்பத்தில் இது பெரிய விஷயமில்லை. முன்பு ஒரு படிவத்தில் தவறான தகவல் கொடுத்தாயிற்று, இப்போது என்ன செய்வது என்று கேட்கப் போகிறவருக்கு மிகப் பெரிய விஷயம்.

உரிமமே இல்லாத ஏஜென்டை இந்த ஒப்பீட்டில் ஒரு தரப்பாகக்கூட நான் சேர்க்கவில்லை. அவருக்கு 2,00,000 டாலர் வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். நமக்கு அதனால் என்ன லாபம்? அவர் எழுதிய பொய்க்கு நம் கையெழுத்து இருக்கிறது, 5 ஆண்டு தடை நம் மேல்தான் விழும். ஐ.எம்.எம். 5476 என்ற பிரதிநிதி படிவத்தில் தன் பெயரைப் போட மறுப்பவர், விண்ணப்பத்தில் நம் மின்னஞ்சலுக்குப் பதிலாகத் தான் தொடங்கிய முகவரியைக் கொடுப்பவர், இந்த இரண்டு அடையாளமே போதும். அந்த மின்னஞ்சலுக்கு வரும் விளக்கம் கேட்கும் கடிதம் நம் கண்ணிலேயே படாமல் போகும். உரிம எண்ணைச் சரிபார்ப்பது சுலபம்: ஆலோசகருக்குக் காலேஜின் பொதுப் பதிவேடு, லாயருக்கும் பாராலீகலுக்கும் அந்தந்த மாகாண சட்டச் சங்கத்தின் தளம். பார்க்கும்போது அவர் கொடுத்த விசிட்டிங் கார்டு எண்ணை விட்டுவிட்டு, பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள். நிஜமான ஆலோசகரின் உரிம எண்ணைத் திருடி அட்டை அடிப்பவர்களும் உண்டு.

நடுவில் ஆளை மாற்றலாமா என்றால், தாராளமாக. புதிதாக 5476 படிவம் கொடுத்தால் பழைய பிரதிநிதி நீங்கிவிடுவார். ஆனால் பழையவரின் கவனக்குறைவால்தான் தோற்றோம் என்று பிறகு ஃபெடரல் நீதிமன்றத்தில் சொல்ல நினைத்தால், அந்தக் குற்றச்சாட்டை முன்கூட்டியே அவருக்கு எழுத்தில் தெரிவித்து, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். கையில் சான்று இல்லாமல் அந்த வாதம் நிற்காது. ஆகவே ஒப்பந்தம், ரசீதுகள், அவருக்கு நீங்கள் போட்ட வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஒப்பந்தமே எழுதித் தர மாட்டேன் என்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.