பெர்க்லி போனால் இந்த வெண்கலச் சிலையைப் பார்க்காமல் வராதீர்கள்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மணிக்கூண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான். இந்தத் தடவை மேற்கு வாசல் வழியாக நுழைந்து, வானத்தைத் தொடுகிற தைல மரத் தோப்புப் பக்கம் நடந்தபோதுதான் டக்ளஸ் டில்டன் செய்த 'ஃபுட்பால் ஆட்டக்காரர்கள்' சிலையை நிதானமாகப் பார்த்தேன். அரை மணி நேரம் அங்கிருந்து நகர மனசே வரவில்லை.

விளையாட்டு வீரர் சிலை என்றால் ஓடுகிற, பாய்கிற, மோதிச் சாய்க்கிற உருவம்தானே நினைவுக்கு வரும்? இங்கே ஓட்டமே கிடையாது. ஒருவன் நிற்கிறான், இன்னொருவன் மண்டியிட்டு அவன் காலுக்குக் கட்டுப் போடுகிறான், அவ்வளவுதான். ஆனால் கிட்டப் போய் அந்தக் கைகளைப் பாருங்கள்: கட்டு இறுகவும் வேண்டும், அவனுக்கு வலிக்கவும் கூடாது என்கிற பதம் விரல்களிலேயே இருக்கிறது. நிற்பவன் தன் பாரத்தைத் தோழன் தோளில் சாய்த்திருக்கிற விதத்தில், நம்பி ஒப்படைத்துவிட்ட நிம்மதி.

டில்டனுக்குச் சின்ன வயசிலேயே காய்ச்சலில் காது கேட்காமல் போய்விட்டது. பெர்க்லியில் இருந்த காது கேளாதோர் பள்ளியில் படித்து, அங்கேயே பாடம் நடத்தி, அப்புறம் பாரிஸ் போனவர். இந்தச் சிலையும் பாரிஸில் உருவானதுதான். சைகையில் பேசிப் பழகியவர் என்பதால்தான் கைகளை இப்படிக் கவனித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிலை இங்கே வந்தது ஒரு பந்தயத்தால். சான் ஃபிரான்சிஸ்கோ மேயராக இருந்த ஜேம்ஸ் ஃபீலன், பெர்க்லிக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கும் நடக்கிற அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் தொடர்ந்து இரண்டு வருஷம் ஜெயிக்கிறவர்களுக்கு இதைப் பரிசாக வைத்தார். பெர்க்லி 1898இல் 22-0, 1899இல் 30-0 என்று அடித்துத் தள்ளியது; 1900இல் சிலையை நிறுவினார்கள். பீடத்தில் ஜெயித்த ஆட்டக்காரர்களின் பெயர்கள் இருக்கின்றன. அது மட்டும்தான் எனக்கு ஒட்டவில்லை. மேலே இருக்கிறவர்கள் ஜெயித்தார்களா தோற்றார்களா என்றுகூடத் தெரியாது, அதுதானே இதன் அழகு!

டவுன்டவுன் பெர்க்லி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், கட்டணம் எதுவும் இல்லை. முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், ஒரு சுற்று சுற்றி வாருங்கள். மண்டியிட்டவன் முதுகு எவ்வளவு கவனமாக வளைந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.