கஃபே ரேஸராக மாற்றிய பழைய சிபி750: சில வருட ஓட்டத்துக்குப் பின் விற்கும்போது

1969 முதல் 1978 வரை வந்த ஒற்றைக் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு ஒன்றே உள்ள) ஹோண்டா சிபி750 பைக்கைப் புதுப்பித்து, கஃபே ரேஸராக்கி (தாழ்ந்த ஹேண்டில்பாரும் மெலிந்த சீட்டுமாக ரேஸ் பைக் தோற்றத்துக்கு மாற்றி), மூன்று நான்கு வருடம் ஓட்டினால் ஒன்று புரிந்துவிடும். இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் காலை வாராது; கஸ்டம் வேலைதான் வாரும். விவரம் தெரிந்தவர் வாங்க வந்தால் பெயின்ட்டில் மயங்க மாட்டார், சீட்டைக் கழற்றச் சொல்வார்.

கழற்றியதும் தெரிவது நான்கு குட்டி பாட் ஃபில்டர்கள், அதாவது கார்ப்பரேட்டருக்கு ஒன்றாக மாட்டும் தனித்தனி ஏர் ஃபில்டர்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஏர் பாக்ஸை (நான்குக்கும் பொதுவான பழைய ஃபில்டர் பெட்டியை) எடுத்துவிட்டு ஜெட்டிங்கை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைகளின் அமைப்பை) அப்படியே விட்டால் பெட்ரோல் போதாமல் நடு ஆர்பிஎம்மில் வண்டி திணறும். பிளக் வெள்ளை வெளேரென்று இருக்கும். மெயின் ஜெட்டை மட்டும் பெரிதாக்குவது பலர் செய்யும் தப்பு. பாதி த்ராட்டிலில் கணக்கு, ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் ஊசியான நீடிலுடையது. அதன் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். பழைய ஏர் பாக்ஸ் கைவசம் இருந்தால் அதையே மாட்டி விற்பது மேல். கார்ப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் கல்லாக இறுகியிருந்தால் அங்கேயும் காற்று இழுக்கும். அதை மாற்றாமல் ட்யூனிங் பேசுவது வீண்.

அடுத்தது சார்ஜிங். ஆல்டர்நேட்டர் 210 வாட் மட்டுமே. அதன் ஃபீல்டு காயிலுக்கும் (காந்தப்புலம் உண்டாக்கும் சுருளுக்கும்) பேட்டரிதான் கரண்ட் தர வேண்டும். சீட் மெலிதாக வேண்டுமென்று குட்டி பேட்டரி வைத்த வண்டி, லைட் போட்டபடி டிராஃபிக்கில் நின்று நின்று போனால் இறங்கிவிடும். மல்டிமீட்டரை வைத்து, ஆர்பிஎம் ஏறும்போது 14 வோல்ட்டைத் தாண்டுவதை வாங்குபவர் கண்முன்னே காட்டுங்கள். தாண்டாவிட்டால் முதலில் எர்த்தை (ஃப்ரேமோடு சேரும் ஒயர் இணைப்பை) பாருங்கள்: பவுடர் கோட்டிங் கரண்டைக் கடத்தாது, போல்ட் உட்காரும் இடத்தில் அதைச் சுரண்டியிருக்க வேண்டும்.

டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே உள்ளது), இன்ஜின் ஆறியிருக்கும்போது, இன்லெட் 0.05 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.08 மி.மீ. பாயின்ட் (ஸ்பார்க்குக்காகக் கரண்டைத் துண்டிக்கும் தொடுமுனை) இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. வரை. இரண்டு செட் உண்டு, ஒன்று 1-4 சிலிண்டருக்கு, மற்றது 2-3-க்கு. கம்ப்ரெஷன் பார்ப்பது இன்ஜின் சூடாக, த்ராட்டிலை முழுக்கத் திறந்து. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில்.

ஆயில் தனி டேங்கில் இருக்கும். நாள்கணக்கில் நின்ற வண்டியில் அது மெல்லக் கீழே கிரேங்க்கேஸுக்கு (இன்ஜினின் அடிப்பெட்டிக்கு) இறங்குவதால் அளவு குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து மேலும் ஊற்றினால் பிரீதர் (காற்றுப்போக்கிக் குழாய்) வழியே கக்கும். ஓட்டி நிறுத்திய உடனே பார்ப்பதே சரி. புதிதாக வாங்குபவருக்கு இதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

நம்பர் விஷயத்தில் ஒரு சிக்கல் வரும். பழைய ட்ரையம்ஃப் பார்த்துப் பழகியவர்கள் இன்ஜின் நம்பரும் ஃப்ரேம் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மல்லுக்கு நிற்பார்கள். இந்த ஹோண்டாவில் தொழிற்சாலையிலிருந்தே இரண்டும் வேறு வேறு. இரண்டும் பதிவு ஆவணத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதுதான் கேள்வி. ஃப்ரேமின் பின்பகுதியை அறுத்து, சீட்டுக்கு அடியில் வளைந்த குழாயை வளையமாக வெல்டிங் செய்திருந்தால், பெயின்ட்டுக்கு முன் எடுத்த படங்களைக் காட்டுங்கள். படம் இல்லாத வெல்டிங்குக்கு விலை அடிபடும்.

டயர் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரம். டயரின் மேல் வரிகள் தேயாவிட்டாலும் ரப்பர் கிழடுதான்.

பார்க்க வரும் நாளில் இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்க விரும்பும் வந்தவர், முதலில் ஹெட்டின் மேல் கையை வைத்துத்தான் பார்ப்பார்.