தேன் கேனும் சீட்டுப் புத்தகமும்: ஒரு சமரசக் குழுவைப் பற்றி

பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில், காட்டுக்குள் இருக்கிறது எங்கள் காணிக்குடி, அதாவது காணிப் பழங்குடிகளின் ஊர். போன வருஷம் எங்களுக்கும் வனக்காவலர்களுக்கும் வந்த தகராறைப் பேசித் தீர்க்க நாகர்கோவிலில் இருந்து ஒரு சமரசக் குழு வந்தது. கட்டணம் கிடையாது. பக்கத்துக் குடிகளில் இருந்து "அவங்களைக் கூப்பிடலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிப்பதால் எழுதியே வைக்கிறேன்.

தகராறு தேனால் வந்தது. வீட்டுக்காரர் பைக்கில் இரண்டு கேன் தேனைக் குலசேகரம் சந்தைக்குக் கொண்டுபோனபோது ஒரு செக்போஸ்டில் வனக்காவலர்கள் அதைப் பிடித்து வைத்துவிட்டார்கள். தலைச்சுமையாகவோ சைக்கிளிலோ கொண்டுபோனால் பரவாயில்லையாம், பைக் என்றால் அனுமதிச் சீட்டு வேண்டுமாம்.

முதல் கூட்டம் சுத்த வீண். நாகர்கோவிலில் ஏசி ஹால். தோணியில் அணையைக் கடந்து, பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் அன்றைய ரப்பர் பால்வெட்டும் போச்சு. திரையில் யானைப் படம் போட்டு, காடு எல்லோருக்கும் சொந்தம் என்றார்கள். எங்கள் குடித் தலைவரான மூட்டுக்காணி என் பக்கம் சாய்ந்து, "இதைச் சொல்லவா மக்களே இவ்வளவு தூரம் வரச் சொன்னாங்க?" என்றார்.

அடுத்ததை எங்கள் குடியிலேயே வையுங்கள் என்றோம். வைத்தார்கள். நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். பிடித்து வைத்த கேனைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைக்கச் சொன்னார். மூடி இறுகாமல் தேன் பக்கவாட்டில் வழிந்து, எறும்பு வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு தரப்பும் எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் கேனைப் பிடித்த வனக்காவலரிடம் டீச்சர் கேட்டார்: "தம்பி, இதை விட்டிருந்தா உங்களுக்கு என்ன ஆகியிருக்கும்?"

"மேல இருந்து கேட்டா காட்டுறதுக்கு என் கையில ஒரு துண்டுக் காகிதம் வேணுமே டீச்சர்."

இந்த ஒரு காகிதத்துக்காகவா மாசக்கணக்கில் அந்தப் பையனைத் திட்டிக்கொண்டிருந்தோம்!

காட்டில் வாழ்கிறவர்களுக்குக் காட்டு நிலத்திலும் விளைபொருளிலும் உரிமை தருகிற வன உரிமைச் சட்டத்தின் விதிகளை டீச்சர் தமிழில் எடுத்து வந்திருந்தார். தலைச்சுமை, சைக்கிள், கைவண்டி என்பதெல்லாம் 2008 விதியில் இருந்தது. 2012 திருத்தத்தில் அதைத் தகுந்த வாகனம் என்று மாற்றிவிட்டார்கள். சீட்டு கொடுக்க வேண்டியதும் கிராம சபை அமைக்கும் குழுதான். எங்கள் ஊர் வன உரிமைக் குழுவில் உறுப்பினராக இருக்கிற எனக்கே இது தெரியாது, வெட்கமாகப் போய்விட்டது. குழு போட்டு, குலசேகரத்தில் அடிக்கட்டையோடு சீட்டுப் புத்தகம் அச்சடித்தோம், 180 ரூபாய். பெயர், பொருள், அளவு, தேதி, கையெழுத்து. அதற்குப் பிறகு தேனை யாரும் பிடிக்கவில்லை.

இனி குறை. அதே சட்டப்படி நில உரிமை கேட்டு என் தம்பி போட்ட மனு, ஒரே ஒரு ஆதாரம் வைத்திருந்ததால் உட்கோட்டக் குழுவில் தள்ளுபடியானது. அதற்கு மேலே உள்ள மாவட்டக் குழுவுக்கு மனுப்போட 60 நாள்தான் அவகாசம். சமரசக்காரர்கள் "அவசரப்படாதீங்க, பேசிப் பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினார்கள். 52ஆம் நாள் சித்தி காலண்டரைப் பார்த்துப் போட்ட சத்தத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கி (அதுவும் சட்டப்படி ஆதாரம்தான்) நாகர்கோவிலுக்கு ஓடினோம். பிறகு கேட்டால், நில மனு எங்கள் வேலை இல்லையே என்கிறார்கள். அதை முதல் நாளே சொல்வதற்கென்ன?

தேன் தகராறில் இரண்டு தரப்பும் செய்துகொண்ட உடன்பாட்டின் நகல் வர 40 நாள் ஆனது. அதிலும் எங்கள் குடியின் பெயரில் எழுத்துப்பிழை.

தேன், நடைபாதை, விறகு என்று அன்றாட உரசல் என்றால் தாராளமாகக் கூப்பிடுங்கள். அந்த டீச்சரே வரவேண்டும் என்று சொல்லிக் கூப்பிடுங்கள். நில மனு நடந்துகொண்டிருந்தால் அதை அவர்கள் பேச்சோடு சேர்க்காதீர்கள், தேதியை நீங்களே சுவரில் எழுதி வையுங்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

பிடித்த இரண்டு கேனில் ஒன்று திரும்பி வந்தது. இன்னொன்றைப் பற்றி உடன்பாட்டில் ஒரு வரியும் இல்லை, நாங்களும் கேட்கவில்லை.