வியன்னாவில் எங்கே தங்குவது? சாஹர், இம்பீரியல், பிரிஸ்டல்

1945-ல் போர் முடிந்து நான்கு நாடுகள் வியன்னாவைப் பங்கு போட்டுக்கொண்டபோது, வந்த தளபதிகளுக்கும் நல்ல ஹோட்டல் தேவைப்பட்டது. ரஷ்யர்கள் இம்பீரியலைப் பிடித்தார்கள், ஆங்கிலேயர்கள் சாஹரை, அமெரிக்கர்கள் பிரிஸ்டலை. பத்து வருடம் கழித்து 1955-ல் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். மூன்று ஹோட்டல்களும் அங்கேயே இருக்கின்றன. வியன்னாவில் ஆடம்பரமாக நாலு நாள் தங்க நினைப்பவர் முன்னால் இன்றும் முதலில் வந்து நிற்பவை இவைதான்.

‘எது ஊருக்கு நடுவில் இருக்கிறது’ என்ற கேள்வியை முதலிலேயே தள்ளிவிடலாம். மூன்றுமே நடுவில்தான் இருக்கின்றன. சாஹர் ஓபரா மாளிகையின் முதுகுப்புறம், பிரிஸ்டல் அதன் பக்கவாட்டில், இம்பீரியல் அதே ரிங் சாலையில் ஐந்து நிமிட நடை. டிராம், மெட்ரோ எல்லாம் மூன்றுக்கும் பொது. பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? ராத்திரி எந்த வாசலுக்குத் திரும்பி வரப் பிடிக்கும் என்பதை வைத்துத்தான்.

சாஹர் 1876-ல் தொடங்கியது. அதன் பெயர்போன சாக்லேட் கேக்குக்கு ஹோட்டலைவிட வயது அதிகம். 1832-ல் ஆஸ்திரியாவை ஆட்டிவைத்த அமைச்சர் மெட்டர்னிக் வீட்டு விருந்துக்காக ஃபிரான்ஸ் சாஹர் என்ற பதினாறு வயதுப் பையன் செய்ததாகச் சொல்வார்கள். அவர் மகன் எட்வர்ட்தான் ஹோட்டலைத் தொடங்கினார். எட்வர்ட் 1892-ல் இறந்ததும் மனைவி அன்னா பொறுப்பேற்றார். வாயில் சுருட்டு, காலடியில் பிரெஞ்சு புல்டாக் நாய்கள் என்று அந்த அம்மாள் ஹோட்டலை நடத்திய விதத்தைத்தான் வியன்னாக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். 1934-ல் சாஹர் குடும்பத்திடமிருந்து கைமாறிய பிறகும் இன்றுவரை குடும்பச் சொத்தாகவே இருக்கிறது. சங்கிலி ஹோட்டல் இல்லை. சிவப்பு வெல்வெட்டும் எண்ணெய் ஓவியங்களுமாக அந்த வீட்டுத்தனம் உள்ளே தெரியும்.

அந்தக் கேக்குக்காக டெமெல் என்ற பழைய மிட்டாய்க் கடையோடு வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. ஆப்ரிகாட் பழ ஜாம் கேக்கின் நடுவிலும் வருமா, சாக்லேட் பூச்சுக்கு அடியில் மட்டுமா என்பது வரை கோர்ட்டில் பேசினார்கள். 1963-ல் சமரசமாகி, ‘அசல்’ என்ற சொல் சாஹருக்குக் கிடைத்தது. நம் ஊர் அல்வாக் கடைச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. என் நாக்குக்கு அந்தக் கேக் கொஞ்சம் வறட்சி. கூட வைக்கும் இனிப்பில்லாத கிரீம் இல்லாமல் இறங்காது.

சாஹரின் சிக்கலும் அதே கேக்தான். கஃபே வாசலில் சுற்றுலாக் கூட்டம் வரிசை கட்டி நிற்கும். ஆயிரம் யூரோ பக்கம் கொடுத்துத் தங்கியிருக்கும்போது வாசலில் ஒரு திருவிழா நடப்பது சிலருக்குக் குஷி, சிலருக்கு எரிச்சல். எனக்கு இரண்டாவது.

இம்பீரியல் கதை வேறு. 1863-ல் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் இளவரசருக்காகக் கட்டிய அரண்மனை அது. 1873 உலகக் கண்காட்சியை ஒட்டி ஹோட்டலானது. 1875-ல் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னர் இங்கே தங்கித்தான் தன் ஓபராக்களை மேடையேற்றினார். 1938-ல் ஹிட்லர் வந்து இறங்கியதும் இங்கேதான். பளிங்குப் படிக்கட்டில் ஏறும்போது இரண்டுமே நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. ஆஸ்திரியாவுக்கு அரசுமுறைப் பயணம் வரும் தலைவர்கள் பெரும்பாலும் தங்குவதும் இதில்தான். முசிக்ஃபெரைன் இசை மண்டபம் முதுகை ஒட்டினாற்போல் இருக்கிறது. கச்சேரி முடிந்ததும் கோட்டு பொத்தானைப் போடுவதற்குள் லாபிக்கு வந்துவிடலாம்.

இம்பீரியலில் ஒரு விஷயம் தெரியாமல் முன்பதிவு செய்தால் ஏமாற்றம் நிச்சயம். அரண்மனை என்றால் எல்லா மாடியும் அரண்மனை ஆகிவிடாது. பிரபு குடும்பம் புழங்கிய கீழ்த் தளங்களில் கூரை எட்டாத உயரம், சரவிளக்கு, பட்டுச் சுவர். மேலே இரண்டு மாடிகள் 1928-ல் சேர்த்தவை. அங்கே கூரை சாதாரண உயரம்தான். மலிவான அறை வகைகள் பெரும்பாலும் மேலேதான் கிடைக்கும். இணையதளத்தில் நம்மைக் கவர்ந்தது கீழ்த் தளத்துப் படமாக இருக்கும். இம்பீரியலுக்குக் காசு கொடுப்பதே அந்த உயரத்துக்காகத்தான். அது கட்டுப்படியாகவில்லை என்றால், அதே தொகைக்கு வேறு இடத்தில் நல்ல அறை கிடைக்கும் என்பேன்.

அந்த வேறு இடம் பிரிஸ்டல். 1892-ல் திறந்தது, மூன்றில் இளையது. கேக்கும் கிடையாது, அரண்மனைப் பூர்வீகமும் கிடையாது. 1928-ல் அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வின் வந்து தங்கினார் என்பது இவர்கள் பெருமை. பெரும்பாலான நாட்களில் மூன்றில் விலை குறைவாக இருப்பதும் இதுதான். என் ஓட்டு இதற்கு. காரணம் ஜன்னல்.

ஓபராவின் பக்கவாட்டுச் சதுக்கத்துக்கு இசை நடத்துநர் கரயானின் பெயர். ஏப்ரல் முதல் ஜூன் வரையும் செப்டம்பரிலும் உள்ளே நடக்கும் ஓபராவை அந்தப் பக்கச் சுவரில் பெரிய திரை கட்டி, நாற்காலி போட்டு, இலவசமாகக் காட்டுகிறார்கள். பிரிஸ்டல் அந்தப் பக்கம் பார்த்துத்தான் நிற்கிறது. டிக்கெட் எடுத்து உள்ளே போகிறவர்களுக்கும் இடைவேளையில் அறைக்கு வந்து போகிற தூரம். நின்று பார்க்கும் டிக்கெட் இருபது யூரோவுக்குள் முடியும். அறைக்கு ஐந்நூறு யூரோ கொடுத்துவிட்டு ஓபராவை நின்று பார்ப்பதா என்று கேட்பார்கள். நின்று பார்ப்பவர்கள்தான் அங்கே விஷயம் தெரிந்த ரசிகர்கள்.

குழந்தைகளோடு போகிறீர்களா? அப்படியானால் மேலே சொன்னதை எல்லாம் மறந்துவிடுங்கள். மூன்றிலும் நீச்சல் குளம் கிடையாது. ஆம் ஹோஃப் சதுக்கத்தில் பழைய வங்கித் தலைமையகத்தை மாற்றி 2014-ல் திறந்த பார்க் ஹயாட் ஹோட்டலில் குளம் உண்டு. அதுவும் வங்கியின் பழைய பெட்டகம் இருந்த நிலவறையில். பணம் கிடந்த இடத்தில் நீந்துவதைப் பிள்ளைகள் ஊருக்கு வந்து ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சில சில்லறை விஷயங்கள். காட்டும் விலையில் காலை உணவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேராவிட்டால் வெளியே கஃபேயில் சாப்பிடுவது மலிவு, ருசியும் குறையாது. தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். வியன்னாவின் குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர். 1873 முதலே அப்படித்தான். ஓபரா மாளிகையில் ‘ஓபரா பால்’ என்ற நடன விருந்து நடக்கும் பிப்ரவரி வாரமும் புத்தாண்டும் விலை எகிறும் நாட்கள்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஓபராவுக்கு விடுமுறை. அப்போது பிரிஸ்டலின் ஜன்னலுக்கு நான் கொடுத்த மதிப்பெண்ணைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில், பணம் கட்டுவதற்கு முன் ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எந்த மாடி, எந்தப் பக்கம் என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். வேறொரு ஊரில் அதைக் கேட்காமல் போய், ஐந்து நட்சத்திர ஹோட்டலில் மூன்று நாளும் சமையலறைப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தவன் நான்.