இலங்கைச் சதமா, நேபாளப் பைசாவா? பக்கத்து நாட்டுக் காசு சேர்க்க இறங்குபவர்களுக்கு

இந்தியக் காசுகளை ஓரளவு சேர்த்து முடித்ததும் பார்வை பக்கத்து நாட்டுக்குத் திரும்பும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சிரமமில்லாமல் கிடைப்பவை இரண்டு: இலங்கைக் காசும் நேபாளக் காசும். இரண்டுமே சில்லறை விலைக்குக் கிடைக்கும். மூர் மார்க்கெட்டிலும் நாணயக் கண்காட்சிகளிலும் பிளாஸ்டிக் தட்டில் கலந்துகட்டிக் கொட்டியிருப்பார்கள். நேபாளக் காசு முக்திநாத் யாத்திரை போய் வந்தவர்களின் பைகளிலும் இருக்கும். இலங்கைக் காசு தேடுபவர்கள் 1964 இந்திய-இலங்கை (சிறிமாவோ-சாஸ்திரி) ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்கள் குடியேறிய கூடலூர், கோத்தகிரிப் பக்கம் விசாரித்துப் பார்க்கலாம்.

என் ஓட்டு இலங்கைக்கு. காசில் தமிழ் எழுத்து இருப்பதால் என்று நினைப்பீர்கள். அதுவும் உண்டு. 1870 தேதியிட்ட செப்புச் சதத்திலேயே (நூறு சதம் ஒரு ரூபாய்) மதிப்பு சிங்களத்திலும் தமிழிலும் இருக்கிறது. மகாராணி விக்டோரியா ஒரு பக்கம், தமிழ் எழுத்து மறுபக்கம் என்பது கையில் வைத்துப் பார்க்க அலாதியானதுதான். ஆனால் அந்தக் கவர்ச்சி ஆறு மாதத்தில் பழகிவிடும். பத்து வருடம் கழித்தும் ஆல்பத்தைத் திறக்கும்போது காசு காசாகவே இருக்குமா என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிப்பது உலோகம்.

சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி என்று கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உப்புக்காற்றும் புழுக்கமும் சேர்ந்தால் எல்லா உலோகமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

நேபாளத்தில் 1966 வாக்கிலிருந்து சிறு பைசாக்கள் ஒவ்வொன்றாக அலுமினியத்துக்குப் போயின. 1990களில் ரூபாய்க் காசு பித்தளை முலாம் பூசிய எஃகு ஆனது. அதாவது இன்று மலிவாகக் கிடைக்கும் நேபாளக் காசுகளில் பெரும்பங்கு இந்த இரண்டு வகைதான். இரண்டுமே நம் ஊருக்குத் தோதில்லாதவை. அலுமினியம் எளிதில் கீறும். ஈரம் பட்டால் வெள்ளைப் பொடி பூக்கும். சோப்பும் சோடா உப்பும் அதை அரிக்கும் என்பதால் கழுவிச் சரிசெய்யப் போனால் இன்னும் கெடும். முலாம் எஃகின் கதை வேறு. அச்சடிக்காத வட்டத் தகட்டுக்கு முதலில் முலாம் போட்டு, அதன்பின்தான் அச்சு அடிக்கிறார்கள். அச்சு விழும்போது விளிம்பிலும் எழுத்தின் கூர்முனைகளிலும் முலாம் இழுபட்டு மெலிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று போதும், விரல் வியர்வையின் உப்பு உள்ளே போய்விடும். முதலில் விளிம்பில் மிளகளவு பழுப்புப் புள்ளி தெரியும். அடுத்த மழைக்காலத்துக்குள் அது முலாமுக்கு அடியில் பரவி, மேல்தோலைப் பெயர்த்துத் தூக்கும். அதன்பிறகு எந்த வைத்தியமும் பலிக்காது.

இலங்கை மட்டும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. அங்கும் 1963 வரிசையில் ஒரு சதம், இரண்டு சதம் அலுமினியம். 1978 முதல் ஐந்தும் பத்தும்கூட அலுமினியம். 2005 முதல் வந்தவை முலாம் பூசிய எஃகு. 2017 வரிசை துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியதால் அதில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் நடுவில் ஒரு நீண்ட காலம் இருக்கிறதே, அதுதான் இலங்கையின் பலம். 1909 தொடங்கி 1970கள் வரை செம்பு-நிக்கல், நிக்கல் பித்தளை, வெண்கலம் என்று தாக்குப்பிடிக்கும் உலோகங்களில் வரிசை வரிசையாகக் காசு வந்திருக்கிறது. அவையும் இன்றுவரை மலிவு. காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். 1963இன் இருபத்தைந்து சதமோ ஒரு ரூபாயோ அசையாது. 2005இன் ரூபாய் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதையெல்லாம் தனி ஆல்பத்தில் வையுங்கள்.

சேமிக்கும் முறையில் நாலு விஷயம் சொல்லியாக வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும், முகர்ந்தால் ஷவர் கர்ட்டன் வாசனை வரும் பிளாஸ்டிக் உறை பி.வி.சி. ஓரிரு வருடத்தில் அது செம்புக் கலவைக் காசின்மேல் பச்சைப் பிசுக்காக இறங்கும். இறங்கிவிட்டால் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி, பத்து நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து ஆறவிட வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது. பிறகு மைலார் (பி.வி.சி. இல்லாத கண்ணாடித் தாள்) ஜன்னல் வைத்த அட்டை உறைக்கு மாற்றுங்கள். இங்கே பலரும் கோட்டைவிடுவது ஸ்டேப்ளர் பின்னில். கடலோரத்தில் காசுக்கு முன்னால் பின் துருப்பிடிக்கும். துரு அட்டையில் ஊறிக் காசைத் தொடும். பின் காசைவிட்டுத் தள்ளியே இருக்க வேண்டும். அடித்தபின் குறட்டால் நசுக்கித் தட்டையாக்குங்கள், இல்லையென்றால் அடுத்த பக்கத்துக் காசைக் கீறும். டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, நீலம் இளஞ்சிவப்பாகும்போது சூடுபடுத்தி மீண்டும் போடுங்கள். அலுமினியக் காசைச் செம்புக் காசோடு ஒட்டி வைக்காதீர்கள். ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் அரித்துப்போகும்.

புளி, எலுமிச்சை, விபூதி போட்டுப் பளபளப்பாக்கிய காசை விற்கக் கொண்டுபோனால் வியாபாரி முகத்தைச் சுளிப்பார். குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு அது சாவு. நூறு வருடம் உட்கார்ந்து படிந்த பழுப்புதான் செப்புச் சதத்தின் விலையே.

வெள்ளிக்கு வருவோம். இலங்கையில் 1892இல் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதங்கள் வெள்ளியில் வந்தன. 1917 வரை தரம் 800, அதாவது ஆயிரத்தில் எண்ணூறு பங்கு வெள்ளி. 1919 முதல் 550. ஐம்பது சதத்தின் எடை 5.83 கிராம். அப்படியானால் முதல் வகையில் சுமார் 4.67 கிராம் வெள்ளி, இரண்டாவதில் 3.2 கிராம்தான். வெள்ளி எடைக்கு விலை பேசும்போது முதலில் ஆண்டைப் பாருங்கள். 1957 புத்த ஜெயந்தி ஐந்து ரூபாய் 925 தரம், 28.28 கிராம். எடையை மட்டும் பார்த்தால் இந்த வரிசையில் அதுதான் கனம்.

நேபாளம் இங்கே நன்றாகவே தலைநிமிர்கிறது. 1932இல் வந்த வெள்ளி ரூபாய் 800 தரம், சுமார் 11 கிராம். 1940களின் இறுதியில் அதையே 333 தரத்துக்கு இறக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஷா மன்னர்களின் மொகர் (அரை ரூபாய் வெள்ளி) காசுகள் அழகில் இலங்கையைத் தோற்கடிக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவில் திரிசூலம், ஸ்ரீ பவானி, கோரக்நாத் பெயர், சுற்றிலும் யந்திரம் போன்ற கட்டங்கள். எந்த அரசரின் தலையும் இல்லை. ஷாக்களுக்கு முன் காத்மாண்டுப் பள்ளத்தாக்கை ஆண்ட மல்லர் கால மொகர்கள் இன்னும் நுணுக்கம். ஆனால் அவற்றைக் கையிலெடுத்துப் பழகிய கண் வேண்டும். படத்தை வைத்து நல்லதா போலியா என்று தீர்ப்புச் சொல்வதை நான் செய்வதில்லை, நீங்களும் பணம் கட்டாதீர்கள்.

நேபாளத்தில் இன்னொரு சங்கடம் தேதி. எண்கள் தேவநாகரியில் இருக்கும், அது ஒரு மாலையில் படியும். ஆண்டுக் கணக்குதான் குழப்பும். ஷா மன்னர்களின் பழைய வெள்ளி மொகரில் சக ஆண்டு. அதோடு 78 கூட்டினால் நம் ஆண்டு. பிற்காலக் காசில் விக்ரம ஆண்டு, 57 கழிக்க வேண்டும். २०६६ (2066) என்றால் 2009. १८२५ என்றிருக்கும் மொகரை 1825ஆம் ஆண்டுக் காசு என்று நினைத்து வாங்கினால் காசுக்கு 78 வயது கூடிவிடும். அது உண்மையில் 1903. சுவாரசியமான ஒரு காசும் இங்கே உண்டு. 1950-51இல் சில வாரங்கள் மட்டும் குழந்தை அரசராக இருந்த ஞானேந்திரர் பெயரில் २००७ (2007) தேதியோடு வந்த காசு. அவர் அரை நூற்றாண்டு கழித்து மறுபடியும் அரசரானார். நேபாளம் சேர்ப்பவர்கள் இந்த ஒன்றுக்காகவே சேர்க்கலாம்.

இலங்கையிலும் கண்ணை ஏமாற்றுபவை உண்டு. ஒரு சதம் 1942 வரை 4.72 கிராம். அந்த வருடமே எடையைப் பாதியாக்கி 2.36 ஆக்கினார்கள். விட்டம் அதேதான். இரண்டையும் அடுத்தடுத்து மேசையில் நிறுத்தினால் ஒன்று தகடு, ஒன்று காசு. ஆகவே 1942 பொறித்த சதத்தை நகைக்கடைச் சின்னத் தராசில் நிறுக்காமல் ஆல்பத்தில் செருகக்கூடாது. இரண்டாம் எலிசபெத் தலை போட்ட இலங்கைக் காசு இரண்டு சதம் மட்டும்தான். 1955, 1957 என இரண்டே தேதிகள். பூ விளிம்பு.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி. இந்தியாவில் நூறு வருடம் கடந்த நாணயம் தொல்பொருள். அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. இலங்கையும் நேபாளமும் தங்கள் பழம்பொருள்களுக்கு இதேபோல் காவல் வைத்திருக்கின்றன. பயணம் போன இடத்தில் பழங்காசு வாங்கிப் பையில் போட்டு வருவதைவிட இங்கேயே ரசீதோடு வாங்குவது நிம்மதி.

எதிலிருந்து தொடங்கலாம் என்றால் இலங்கையின் சதுர ஐந்து சதத்தைத்தான் சொல்வேன். மூலை மழுங்கிய அதே வடிவம் 1909இல் செம்பு-நிக்கலில் ஏழாம் எட்வர்ட் தலையோடு தொடங்குகிறது. ஐந்தாம் ஜார்ஜ் வருகிறார். 1942இல் ஆறாம் ஜார்ஜோடு நிக்கல் பித்தளைக்கு மாறுகிறது. 1963இல் அரசர் போய் நாட்டுச் சின்னம் வருகிறது. 1978இல் அலுமினியம். ஒரே மதிப்பில் எழுபது வருடம் ஓடியிருக்கிறது. உறை வாங்கும்போது பக்கத்தை அளந்து வாங்கிவிடாதீர்கள். மூலைக்கு மூலை அளந்து, அதைவிட ஒரு அளவு பெரிய ஜன்னலாக எடுங்கள். 17.5 மில்லிமீட்டர் உறையில் இது நுழையவே நுழையாது. திணித்தால் மைலார் மூலையில் கிழியும், ஈரம் முதலில் அங்கேதான் இறங்கும்.